மேற்குப் பார்த்த யன்னல்

முதல் வாரமே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்:
டிவி மிஸ்.
"டிவியில அழுற ஆக்கள் மாதிரிக் கதைக்கிறா" என்று
யதுர்ஷன் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான்.
நான் அழவில்லை.
"எல்லாரும் நாற்காலியில உட்காருங்க" என்றேன், அவ்வளவுதான்.
இருபத்திரண்டு பேரும் நின்றார்கள்.
"கதிரை, மிஸ்" என்றாள் சைனப்,
கீழே விழுந்ததை எடுத்துத் தருகிறவள்போல.

அன்றிலிருந்து பின்னேரங்களில்
ஒரு கொப்பியில் எழுதிவைக்கிறேன்.
சோப்பு அல்ல, சவர்க்காரம்.
கர்சீப் அல்ல, லேஞ்சி.
காலி ரயில் என்றால் ஆளில்லாத ரயில் அல்ல,
காலிக்குப் போகிற ரயில்;
வாசலில் ஆள் தொங்கத் தொங்கப் போகும்.
அது கடலோரம் கடக்கும்வரை
ஒன்று இரண்டு மூன்று
மூன்றிலேயே நிற்கும்.
பத்தரமுல்லையில் கால் கடுக்க நின்று விசா வாங்கியது
முப்பத்தொரு வயதில்
என் பாஷைக்கே அரிச்சுவடி எழுதத்தான் போலும்.

செனுலிக்குச் சிங்களம் மட்டும்.
இரண்டாம் திங்கள், என் சேலையைப் பிடித்திழுத்து
"சூ" என்றாள்.
குனிந்து அவள் ஷூ நாடாவை அவிழ்த்து
முயல்காது முடிச்சாகப் போட்டேன்,
பொறுமையாக, நல்ல டீச்சராக,
விரல்மேல் வெதுவெதுப்பாக ஏதோ வழியும்வரை.
அவள் அழவில்லை.
பாவம், இவளுக்கு ஒன்றும் தெரியாது
என்பதுபோல் என் தலையைத் தொட்டாள்.
துடைப்பமும் வாளியுமாக வந்த பியசீலி
சிரித்த சிரிப்பு ஒழுங்கை முனைவரை கேட்டிருக்கும்.

நேற்று சூரியன் வரைந்தோம்.
"காலையில சூரியன் எங்கிருந்து வருவார்?
கடலில இருந்து!" என்றேன்.
தூத்துக்குடியில் பிறந்தவளுக்கு
இதற்கெல்லாம் யோசனை தேவையில்லை.

வகுப்பு கப்சிப்.

யதுர்ஷன் எழுந்துபோய் யன்னலைத் தள்ளிக் காட்டினான்.
"இல்ல மிஸ். கடலுக்குள்ள போறவர்.
வாறது அங்கால, பஸ் போற ரோட்டுப் பக்கம்."

ஆமாம். மேற்கு.
இத்தனை மாதம் அதன் முன் நின்று பாடம் நடத்தியும்
உடம்புக்குள் கடல் கிழக்கிலேயே கிடக்கிறது.

"எங்க ஊரில கடலில இருந்துதான் வருவார்."
பொய் சொல்லிப் பிடிபட்டவளைப் பார்ப்பதாக
இருபத்திரண்டு முகங்கள்.
நீண்ட யோசனைக்குப் பின், மூன்று நாளாக மூக்கு ஒழுகும் அம்ஜத்:
"அப்ப, இங்க உள்ளுக்குப் போய்
அங்க வெளிய வாறாரா?"

"ராத்திரி முழுக்க நீந்தியா?"
"தண்ணிக்குள்ள நூந்துபோக மாட்டாரா?"
"மிஸ்ட உம்மா எழும்பி நிப்பாவா?"

அலமாரியில் பூமி உருண்டை இருக்கிறது.
சாவி மிஸிஸ் ஓல்மனிடம்.
கேட்டால் தந்திருப்பார்.
இரவு பகல் பாடம் அடுத்த தவணைக்குத்தானே என்று
கிரேயோன் பெட்டியைத் திறந்தேன்.

நீச்சல் கண்ணாடி போட்ட சூரியன்.
மீனிடம் வழி கேட்கிற சூரியன்.
சைனப்பின் தாள் முழுக்கக் கறுப்பு;
"இவர் அடியில போறார், தெரியாது" என்றாள்.
செனுலியின் சூரியனுக்கு ஷூ இருந்தது,
நாடா அவிழ்ந்து.

ஆறு மணிக்குத் தண்டவாளம் தாண்டி
கருங்கல்மேல் இருந்தேன்.
உட்கார்ந்தேன் என்று எழுதிப் பார்த்தேன்,
இருந்தேன் என்பதே சரியாக இருக்கிறது.
கச்சான் விற்கிறவர் விலை சொல்லும் நேரத்துக்குள்
அது உள்ளே போய்விட்டது.

அம்மாவுக்கு ஃபோன் போட்டேன்.
"அனுப்பியாச்சு. விடியக்காலம் வந்திரும்,
பார்த்துக்கோ."

"என்னத்தட்டீ அனுப்புன?
கூரியர்காரனா?
கையெழுத்துப் போடணுமா?"